மழை வந்தால் ‘ச’ போய்விடுகிறது

கேள்வி: ஜனவரி முதல் நீலகிரியில் மூன்று பள்ளிகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளராகப் போய்வருகிறேன். இரண்டு கூடலூர் பக்கம், ஒன்று ஊட்டி அருகே. ஏப்ரலில் ‘சோறு’ என்று தெளிவாகச் சொன்ன இரண்டாம் வகுப்புப் பையன் ஜூலையில் மறுபடி ‘தோறு’ என்கிறான். இன்னும் நான்கு பேர் இதே கதை. மழை விடுமுறையில் பாதி வகுப்பும் போய்விடுகிறது. என் பயிற்சியில் கோளாறா?
– வாசகி, கூடலூர்

பதில்: நாக்கைப் பார்ப்பதற்கு முன் காதைப் பாருங்கள். ஐந்து பேரும் ஒரே மாதத்தில் சறுக்கினால் முதல் சந்தேகம் சளிமேல்தான் வரவேண்டும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சளியில் அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலியோ சீழோ இருக்காது என்பதால் வீட்டில் தெரியவே தெரியாது. கேட்கும் திறன் 25–30 டெசிபல் அளவுக்கு மங்கலாம். ‘ஆ’ விழும், மெல்லிய ‘ஸ்’ நழுவும். புதிதாகப் படிந்த ஒலிதான் முதலில் ஆட்டம் காணும்.

ஒவ்வொரு வகுப்பையும் லிங் ஆறொலிச் சோதனையோடு, அதாவது ஆறு ஒலிகளும் காதில் விழுகின்றனவா என்று பார்ப்பதோடு, தொடங்குங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டரிலும் பிறகு மூன்று மீட்டரிலும் நின்று, சாதாரணக் குரலில், வரிசையையும் இடைவெளியையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடட்டும். வாயைக் கையால் பொத்தாதீர்கள், ‘ஸ்’ அங்கேயே செத்துவிடும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது செய்தால் நல்ல காதுக்காரனும் தோற்பான். இரண்டு வாரம் தொடர்ந்து ஷ், ஸ் தவறினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றும். வற்றாவிட்டால் முழுமையான கேட்டல் பரிசோதனை வேண்டும். பாட்டிமார் காய்ச்சிக் காதில் ஊற்றும் பூண்டு எண்ணெயை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர் பள்ளிகளில் ‘சட்டை–தட்டை’ போன்ற காது வழிப் பயிற்சிகளை ஒதுக்கிவையுங்கள். கண்ணாடி முன் நாக்கு நிற்கும் இடம், படம் பார்த்துக் கதை சொல்லல், சொல்வளம் ஆகியவை மழைக்காலத்துக்குப் போதும். விடுமுறையை ஈடுகட்ட ஐந்து சொல் எழுதிய ஓர் அட்டை போதும்; கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. ஒலிப் பயிற்சிகளை ஜனவரி–மார்ச்சில் அடர்த்தியாக வையுங்கள். ஜூலை மதிப்பீட்டை ஆண்டின் தொடக்கநிலையாகப் பதியாதீர்கள். பதிந்தே ஆகவேண்டுமென்றால் அன்றைய சளி, ஆறொலி முடிவு இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஊட்டிப் பள்ளியில் உறைபனி மாதங்களில் வேறு தொல்லை. கண்ணாடியில் மூச்சுப் படிந்து ஒன்றும் தெரியாது. காய்ந்த சோப்பை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் வெகுநேரம் தெளிவாக இருக்கும். காதுக் கருவி போட்ட பிள்ளை இருந்தால், அதன் துத்தநாகக் காற்று பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும், மாற்று பேட்டரியை ஸ்வெட்டர் உள்பையில் வையுங்கள். ஒட்டியிருக்கும் தாளை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப் படவிட்டே கருவியில் போடுங்கள். கருவியின் குழாயில் ஒரு துளி நீர் நின்றாலும் ஒலி அடைபடும், ஊதுபந்தால் (அழுத்தினால் காற்று வரும் ரப்பர் பந்து) ஊதி எடுங்கள். இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் காய்ந்துபோகும்.

அங்கே படுகர் வீட்டுப் பிள்ளை பாலை ‘ஹாலு’ என்றால் பிழைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் மொழியில் அதுதான் சரியான சொல்.