வாசகர் கேள்வி–பதில்: நடுவானில் மின்கோளாறு

கேள்வி: அண்மையில் சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் புரொபெல்லர் பூட்டிய சிறிய விமானத்தில் வந்தபோது, புறப்பட்ட சற்று நேரத்தில் உள்விளக்குகள் அணைந்து, பிறகு பாதி மட்டும் எரிந்தன. மின்கோளாறு என்று கூறி விமானி சுபாங்குக்கே திரும்பிவிட்டார். "இன்னும் அரை மணி நேரத்தில் பினாங்கு வந்திருக்குமே" என்று பலர் சலித்துக்கொண்டனர். மின்சாரம் முழுவதும் போயிருந்தால் இயந்திரமும் நின்றிருக்குமா? திரும்பியது அவசியந்தானா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மின்சாரம் போனதால் மட்டும் இயந்திரம் நின்றுவிடாது. ஏ.டி.ஆர் 72 போன்ற புரொபெல்லர் விமானங்களில் உள்ள, சுழலி வகையான டர்போபுரொப் இயந்திரத்துக்குத் தீப்பொறி முக்கியமாகக் கிளப்பும் வேளையில்தான் தேவை. ஒருமுறை பற்றிய தழல் எரிபொருள் வந்துகொண்டிருக்கும் வரை அணையாது. எரிபொருளை அழுத்தித் தரும் பம்பையும் அந்த இயந்திரமே சுழற்றிக்கொள்கிறது. மின்சாரம் குறையக் குறைய விமானியின் கைவிட்டுப் போகக்கூடியவை வேறு: முன்னால் உள்ள திரைகள், வானொலி, திசை காட்டும் கருவிகள். இரவிலோ மேகத்துக்குள்ளோ இவை இல்லாமல் பறப்பது எத்தனை அனுபவசாலிக்கும் ஆபத்தானது.

அதனால்தான் மின்சாரத்துக்குப் பல வழிகள் வைத்திருக்கிறார்கள். ஏ.டி.ஆர் 72 விமானத்தில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் 28 வோல்ட் நேர்மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஒன்று உண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று இருபுறத்துக்கும் மின்சாரம் அளிக்கும். சுமை மிகுந்தால், பறப்பதற்கு அவசியமில்லாதவற்றை நிறுத்தி அதைக் குறைப்பார்கள். நீங்கள் கண்ட அரை இருட்டுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். புரொபெல்லர் பக்கமிருந்து சுழலும் மாறுமின்சார ஜெனரேட்டர்கள் இரண்டும் தனியே உள்ளன. எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்பவை பேட்டரிகள். அவற்றின் ஆயுளை மணிக்கணக்கில் எண்ண முடியாது. நிமிடக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

அந்த நிமிடங்களை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த விபத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. ஏர் இல்லினாய் நிறுவனத்தின் ஹாக்கர் சிட்லி 748 விமானம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பண்டேலுக்கு இரவில் புறப்பட்ட சிறிது நேரத்தில் இடப்புற ஜெனரேட்டர் பழுதானது. துணை விமானி தவறுதலாக, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வலப்புற ஜெனரேட்டரைத் துண்டித்துவிட, அதை மீண்டும் இணைக்கவே முடியவில்லை. புறப்பட்ட நிலையம் இன்னும் அருகில்தான் இருந்தது. ஆனாலும் பேட்டரியை நம்பிக் கார்பண்டேலுக்கே தொடர்ந்தார்கள். சேருமுன் பேட்டரி வற்றியது. விமானத்தில் இருந்த பத்துப் பேரும் இறந்தனர். அருகில் இருந்த நிலையத்துக்குத் திரும்பாமல் தொலைவில் இருந்ததற்குப் போக எடுத்த முடிவையே விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகக் குறித்தது. உங்களுடன் வந்தோர் சலித்துக்கொண்ட அந்த அரை மணி நேரம் சிறிய கணக்கு அல்ல.

இத்தகைய வேளையில் விமானி அறையில் அவசரமாகக் கை நீள்வதையே முதலில் தடுக்கிறார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டும் பார்த்துக்கொள்வார். மற்றவர் அவசரக் கையேட்டை வரிவரியாக வாசிப்பார். எந்த ஜெனரேட்டரின் விசையைத் தொடப்போகிறோம் என்பதை விரலை அதன்மேல் வைத்தபடியே வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் ஒப்பிய பின்னரே அதை நகர்த்துவார்கள். தானாக விழுந்த சர்க்கிட் பிரேக்கரை மறுபடி அழுத்தும் ஆசையும் அடக்கப்பட வேண்டியது. அது காப்பது கருவியை அல்ல, அதற்குப் போகும் கம்பியை. சூடேறிய கம்பிக்குள் மீண்டும் மின்சாரத்தை விடுவது தீயை அழைப்பதாகும். இதற்கிடையே கட்டுப்பாட்டு நிலையத்துக்கு "பான் பான்" என்று மும்முறை சொன்னால் அவசர நிலை அறிவிக்கப்பட்டதாகும். உயிராபத்து நெருங்கினால் "மேடே". வானொலியே ஊமையானால், ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்ற எண்ணை இட்டு ராடார் திரைக்கு அதை உணர்த்தலாம்.

வழியில் உள்ள ஈப்போவில் இறங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். தொலைவு மட்டுமே கணக்கு அல்ல: அந்நேரத்து வானிலை, ஓடுபாதையின் நீளம், தீயணைப்பு வசதி ஆகிய அனைத்தையும் எடைபோட வேண்டும். நீங்கள் சொல்வதைக் கொண்டு பார்த்தால், சுபாங்குக்குத் திரும்பியது சரியான முடிவு என்பதே என் கருத்து.

கேள்வி: பயணத்தின்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் பயணி என்ன செய்ய வேண்டும்? வீண் பீதி கிளப்புவதாகிவிடாதா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: தயங்காமல் உடனே விமானப் பணியாளரிடம் சொல்லுங்கள், எந்த வரிசையில், மேலிருந்தா கீழிருந்தா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1998 செப்டம்பரில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே 229 பேருடன் கடலில் விழுந்த சுவிஸ்ஏர் 111 விமானத்தில், முதலில் தெரிந்தது விமானி அறையில் எழுந்த ஒரு வாடைதான். கூரைக்குமேல் மறைந்திருந்த கம்பியில் எழுந்த மின்பொறி, எளிதில் எரியும் காப்புறையைப் பற்றியிருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரியவந்தது. சமையலறை அடுப்பில் ரொட்டி கருகிய வாடையாகவே அது முடிந்தாலும், உங்களை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.