மூணாம் நாள் சாகும் சியாக்காப் குஞ்சுகள்

அண்ணே, பினாங்கு பாலிக் பூலாவ் தொட்டியில பொரிச்ச சியாக்காப் (கொடுவா மீன்) குஞ்செல்லாம் மூணாம் நாளே கொத்துக் கொத்தாய்ச் செத்து மிதக்குது, என்ன மருந்துன்னு கேட்டிருந்தீங்க. மருந்து இருக்கட்டும், முதல்ல வயித்தைப் பாருங்க.

வயித்தோட ஒட்டியிருக்கிற பையில உள்ள மஞ்சள் கருவை வெச்சுத்தான் குஞ்சு ரெண்டு மூணு நாள் ஓட்டும். அது தீர்ற நேரம் வாய்க்கு முன்னால ரோட்டிஃபர் (கண்ணுக்குச் சரியாத் தெரியாத குட்டி இரை உயிரி) இல்லைன்னா அவ்வளவுதான். கடலிலும் இதே கதை: நீரோட்டம் இரை இல்லாத பக்கம் தள்ளிட்டா அந்த வருஷக் குஞ்சே போச்சு. நார்வேயின் மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914லயே இந்தக் கருத்தைச் சொல்லிட்டார்.

லென்ஸ்ல பார்த்தா வயிறு கண்ணாடி மாதிரி வெறுமையா இருக்கா? பட்டினிதான். நிறைஞ்சிருந்தும் சாகுதுன்னா, மழைக்கப்புறம் ஆத்து முகத்துல தண்ணி எடுத்தீங்களா? அதுல உப்பு குறைஞ்சிருக்கும். நான் ஒருதரம் அப்படித்தான் ஏமாந்தேன். உப்பு 28–30 பிபிடி (ஆயிரத்துக்கு 28–30 பங்கு) இருக்கான்னு அளந்துட்டு ஊத்துங்க.