பொத்துவில் களப்புல தோணிச் சவாரி விடுறதால கண்டல் காட்டுக்கு என்ன நன்மை?

காசுதான், வேறென்ன. மீன்பிடிக்கிற ஆக்களே தோணியில ஏத்திக் கொண்டு போய் கண்டல், முதலை, கொக்கு, அதிர்ஷ்டமிருந்தா யானையும் காட்டுறாங்க, காடு நிண்டாத்தானே அந்த உழைப்பு வரும், அதால விறகுக்கு வெட்ட வாறவன மறிக்கிறதுக்கு அவங்களுக்கே ஒரு காரணம் இரிக்கு. றாலும் மீன்குஞ்சும் வளருறதும் அந்த வேருக்குள்ளதான்.

கண்டல் நடுறது லேசு, மரத்திலயே முளைச்சுத் தொங்குற முழ நீளக் காய எடுத்து சேத்துல குத்தி விடுறதுதான், ஆனா உப்பும் தண்ணி ஏறியிறங்கிறதும் சரியா வராட்டி நிலைக்காது, 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில நட்டதில கனக்க அப்பிடித்தான் செத்துப்போச்சு. போட்டோவுக்கு நட்டா இப்பிடித்தான்!

சவாரிக்கு வாறது கூட பக்கத்துல அறுகம்பேக்கு சேர்ஃப் (அலைச்சறுக்கு) செய்ய வாற ஆக்கள், அந்த சீசன் மே தொடக்கம் ஒக்டோபர் மட்டும்தான், மாரியில தோணிக்கு ஆள் வராது, அதால அவங்களுக்கு மீன்பிடியையும் கைவிட ஏலாது. போறண்டா துடுப்புத் தோணியில போங்க, மோட்டர் சத்தத்துக்கு பறவை ஒண்டும் நிக்காது.