அபின் சட்டங்கள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, பழைய ஆவணத்தைப் படித்துவிட்டு அளவையில் சறுக்கியவர்கள் எழுதியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய அறிக்கை ஒன்றில் '10 மணங்கு அபின்' என்று இருக்கிறது. 113 கிலோ என்று கணக்கிட்டேன். சரியா? (திருச்சி)

அறிக்கை எந்த ஊரில் எழுதப்பட்டது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! சென்னை மணங்கு 25 ராத்தல் (பவுண்டு), அதாவது 11 கிலோ சொச்சம். வங்காள மணங்கு 40 சேர், ஏறக்குறைய 37 கிலோ. அபின் ஏஜென்சிகள் இருந்த காஜிப்பூர், பாட்னா கணக்கு என்றால் உங்கள் 113 கிலோ 373 ஆகிவிடும். சேர் என்பது 80 தோலா, 933 கிராம். தோலாவை 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும். 'பெட்டி' என்று வந்தால், வங்காளப் பெட்டியில் 40 அபின் உருண்டை இருக்கும், 60 முதல் 65 கிலோ. எந்த மணங்கு என்று பார்க்காமல் பெருக்காதீர்கள்.

அபின் சட்டம் எந்த ஆண்டு வந்தது? (ஊர், பெயர் இல்லை)

எந்த அபின் சட்டம்? 1857இன் 13ஆம் சட்டமா, 1878இன் 1ஆம் சட்டமா? அபாயகர மருந்துகளுக்கான 1930இன் 2ஆம் சட்டமா? ஆண்டோடு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

அபின் பழக்கத்தை ஒழிக்க ஆங்கிலேயர் இயற்றிய சட்டங்களின் பட்டியல் வேண்டும். 1857 கலகத்தை அடக்கியதும் முதல் தடைச் சட்டம் வந்ததாகப் படித்தேன். (கோவை)

நீங்கள் கேட்கும் பட்டியல் வெற்றுத்தாள்தான். மாதம் ஒருவராவது இதே தவற்றோடு வருகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1857இன் 13ஆம் சட்டம் வங்காள மாகாணத்துக்கு மட்டும் உரியது. கசகசாச் சாகுபடி, அபின் தயாரிப்பு பற்றிய சட்டத்தைத் 'தொகுத்துத் திருத்த' என்று அதன் தலைப்பே சொல்கிறது. தொகுக்க வேண்டுமானால் முன்பே ஏதோ இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபினில் கம்பெனியின் ஏகபோகத்தை ஏற்படுத்தினார். 1816இல் ஓர் ஒழுங்குவிதி வந்தது. கலகத்தோடு இதை முடிச்சுப் போடாதீர்கள்.

அந்தச் சட்டம் நடந்த விதம் இதுதான். விவசாயி உரிமம் பெறுவார், முன்பணம் வாங்குவார், நிலத்தை அளந்து குறிப்பார்கள். கசகசாக் காயில் கசியும் பால்தான் அபின். அது முழுவதையும், ஒரு தோலா கூடப் பதுக்காமல், அரசு நிர்ணயித்த விலைக்கு அரசின் கொள்முதல் துறையான அபின் ஏஜென்சியிடமே கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்ட நிலத்தில் பயிரிடாமல் விட்டால் அதற்கு வாங்கிய முன்பணத்தைப் போல் 3 மடங்கு தண்டம். ஒழிக்க நினைப்பவன் பயிரிடாதவனுக்கா தண்டம் போடுவான்?

எடை போடும் இடத்துக்கு வந்தால் இன்னும் தெளிவாகும். பிற்பகலில் 'நஷ்தர்' என்ற பல அலகுக் கத்தியால் காயைக் கீறி, கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலை வழித்தெடுப்பார்கள். 100 பங்கில் 70 பங்கு கெட்டிப்பொருள் என்பது அடிப்படைப் பதம். தண்ணீர் கூடினால் விலை குறையும். மாவு கலந்திருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். நீலம் பூத்தால் போச்சு. நல்ல சரக்குக்குச் சேருக்கு 5 ரூபாய், 1890களில் 6. அதே சரக்கு கல்கத்தா ஏலத்தில் செலவைப் போல் 3 மடங்குக்குப் போவது சாதாரணம். ஏற்றுமதிக்கு உருண்டை. உள்நாட்டு ஆப்காரிக் (கலால் உரிமம் பெற்ற) கடைக்கு 90 பதத்தில் இறுக்கி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய 1 சேர் கட்டி. வாங்குபவனுக்குத் தகுந்தபடி பதம் பார்த்து அனுப்பிய அரசு அது.

மத்திய இந்தியாவின் மால்வா அபின் சமஸ்தானங்களில் விளைந்ததால் பயிரில் கை வைக்க முடியவில்லை. எனவே பம்பாய்க்கு வரும் பெட்டிக்கு அனுமதிச்சீட்டுக் கட்டணம் போட்டார்கள். 1843இல் சிந்து கைக்கு வந்ததும் கட்டணம் கட்டாமல் கராச்சி வழியாக நழுவும் பாதை அடைபட்டது. 125 ரூபாயாக இருந்த கட்டணம் 1860களில் 600ஐத் தொட்டது.

அபின் பற்றி விசாரிக்க 1893இல் பிரிட்டன் அமைத்த பிராஸி ஆணையம் 700க்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டுவிட்டு 1895இல் தடை தேவையில்லை என்றது. ஆணைய உறுப்பினர்களில் ஹென்றி வில்சன் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். உங்கள் கட்டுரையில் 'கட்டுப்பாடு' என்று எழுதுங்கள், 'வருவாய்' என்று எழுதுங்கள். 'ஒழிப்பு' வேண்டாம்.

தாத்தா காலத்துத் தீர்ப்பு நகலில் '1878இன் 1, பிரிவு 9(சி)' என்று இருக்கிறது. கடத்தலா? (வேலூர்)

இல்லை. 'சி' என்பது வைத்திருத்தல், 'டி' கொண்டுசெல்லுதல், 'இ' இறக்குமதி ஏற்றுமதி, 'எஃப்' விற்பனை. அன்றைய உச்ச தண்டனை 1 ஆண்டுச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வைத்திருப்பதே குற்றமில்லை, வரம்பை மீறுவதுதான் குற்றம். வரம்பு பல மாகாணங்களில் 3 தோலா, சுமார் 35 கிராம். பிரிவு 10ஐயும் சேர்த்துப் படியுங்கள். கையில் இருந்த அபினுக்குத் திருப்தியாகக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், மறுத்து நிரூபிக்கும்வரை குற்றம் என்றே கொள்ளப்படும். 1985இன் போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 54 இதன் வாரிசுதான்.

சீனாவுக்கு ஏற்றுமதி ஒரே நாளில் நின்றதா? (சென்னை)

இல்லை. பிரிட்டனும் சீனாவும் செய்த 1907 ஒப்பந்தப்படி 1908 முதல் ஆண்டுக்கு 5,100 பெட்டி குறைத்து, 51,000ஐப் பத்தாண்டில் பூஜ்யமாக்குவதாகத் திட்டம். 1913லேயே நின்றுவிட்டது.

கஞ்சா பற்றியும் பிராஸி ஆணையம்தானே விசாரித்தது? (சேலம்)

அது வேறு, இது வேறு. கஞ்சாவுக்கு மெக்வொர்த் யங் தலைமையில் 1893-94இல் தனி ஆணையம், 1,193 சாட்சிகள். முடிவு மட்டும் ஒரே வாடை: தடை வேண்டாம், வரி போடு, உரிமம் கொடு.

வீட்டில் கசகசா வைத்திருப்பதும் குற்றமா? (தஞ்சாவூர்)

இங்கே இல்லை. 1985 சட்டம் விதையை விலக்கியே 'கசகசாத் தட்டை'யை வரையறுக்கிறது. காய்ந்த காய் ஓடு வேறு கதை, அது 1878லேயே அபினுக்குள் அடங்கிவிட்டது. துபாய்க்கு மசாலாப் பொட்டலம் கட்டும்போது மட்டும் கசகசாவை எடுத்துவிடுங்கள்.

இந்தியா 1985இல் மூன்று பழைய சட்டங்களையும் நீக்கியது. இலங்கையில்? (யாழ்ப்பாணம்)

அங்கே 1929இன் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நஞ்சு, அபின், அபாயகர ஔடதம் மூன்றும் அதில் அடக்கம். ஆனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு தண்டனையைத் தேடாதீர்கள். 1984 திருத்தம் நுழைத்த 54ஏ பிரிவில்தான் மரண தண்டனையும் ஆயுள் தண்டனையும் இருக்கின்றன. ஐஸ் (மெத்தாம்ஃபெட்டமின்) வழக்கு என்றால் 2022 திருத்தத்தையும் பார்க்க வேண்டும். இங்கேயும் ஆண்டோடு எண்.