65-ஆம் பக்கம் எங்கே போனது?

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு பெட்டி பழைய தமிழ்ப் புத்தகங்களை 30 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால், ஒரு நாவலில் 64-ஆம் பக்கத்துக்கு அடுத்து 81 வருகிறது. இன்னொன்றில் முன்பக்கங்களே இல்லை, எந்தக் காலத்துப் புத்தகம் என்று தெரியவில்லை. மூன்றாவது, ஏதோ வார இதழின் தொடர்கதைத் தாள்களை யாரோ சேர்த்துத் தைத்தது. எல்லாவற்றிலும் பூச்சி ஓட்டை. மனைவி பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

பூச்சி வீட்டுக்குள் பரவாமல் பெட்டி வாசலிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் சரியான முதல் வேலையைச் செய்தவர் உங்கள் மனைவிதான்.

உங்கள் நாவலில் காணாமல் போனது சரியாக 16 பக்கம், 65 முதல் 80 வரை. யாரும் கிழித்ததல்ல. ஒரு பெரிய தாளில் இரு புறமும் எட்டெட்டுப் பக்கம் அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அதுதான் ஒரு பாரம். தையல் நூல் இற்றுப்போனால் முழுப் பாரமாகத்தான் கழன்று விழும்; பைண்டிங்கிலேயே விட்டுப்போவதும் உண்டு. அதனால் கடையில் நின்று பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். 17, 33, 49, 65 என்று 16 கூட்டிக்கொண்டே போய்த் தொட்டுப் பாருங்கள். பழைய ஈய எழுத்துப் புத்தகங்கள் சிலவற்றில் அந்தப் பக்கங்களின் அடியில் பொடி எழுத்தில் ‘க-2’, ‘க-3’ என்று பாரத்தின் எண் இருக்கும். 4-க்கு அடுத்து 6 வந்தால் விஷயம் முடிந்தது. எட்டுப் பக்கப் பாரமும் உண்டு. அதற்கு 9, 17, 25.

முன்பக்கம் இல்லாத புத்தகத்துக்குப் பின்னட்டையைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் ஏப்ரல் 1957-க்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரி ‘சென்னை-1’ என்று நின்றுவிட்டால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘600 001’ என்று ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தால் நிச்சயம் ஆகஸ்ட் 1972-க்குப் பிந்தியது. தும்பிக்கை வைத்த ணை, லை, னை இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். பழைய அச்சுகளைத் தூக்கிப் போட மனமில்லாத அச்சகங்கள் அதற்குப் பிறகும் ஓட்டின. அது துணைச் சாட்சி மட்டுமே. இந்த அடையாளங்கள் எல்லாம் கையில் இருக்கும் பிரதியின் வயதைத்தான் சொல்லும், முதல் பதிப்பின் வயதை அல்ல.

மூன்றாவதை வீசிவிடாதீர்கள். பெட்டியிலேயே உருப்படியானது அதுதான். வாராவாரம் தாளைப் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்தார்கள். புத்தகமாக வரும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் ஓவியங்கள் இதில் இருக்கும். தாளின் மறுபுறத்தில் சோப்பு விளம்பரமும் துணுக்கும் இருக்கும். அத்தியாய எண்கள் தொடர்ச்சியாக உள்ளனவா பாருங்கள். ஒரு வாரம் விடுபட்டிருப்பது சகஜம். ஓரத்தை வெட்டும்போது பைண்டர் எழுத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் ஊசி போட்டுத் தைத்திருப்பார், மல்லாக்க அழுத்தி விரிக்காதீர்கள். முதுகு பிளந்துவிடும்.

இனி பூச்சி. வட்டமாக, பல தாள்களைத் துளைத்துப் போகும் ஓட்டை என்றால் அது ராமபாணம் என்ற பூச்சியின் வேலை. ஏழு மராமரத்தைத் துளைத்த அம்பின் பெயரை இதற்கு வைத்தவர் நொந்துபோன புத்தகக்காரராகத்தான் இருக்க வேண்டும். அட்டையையும் பசையையும் மேலாகச் சுரண்டியிருந்தால் வெள்ளிப்பூச்சி. வெள்ளைத் தாளின் மேல் புத்தகத்தைத் தட்டுங்கள். புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம்.

மருந்து அடிக்க வேண்டாம். புத்தகம் ஈரமில்லாமல் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த உடனே பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விடுங்கள். பினாங்குக் காற்றின் ஈரம் குளிர்ந்த பொருள்மேல் முத்து முத்தாகப் படியும். பை மூடியிருந்தால் அது பைக்கு வெளியே படியும், திறந்திருந்தால் தாளில் படியும்.

பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து, உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி படக் கூடாது. கடும் வெயிலில் காய வைப்பதும் வேண்டாம். மலிவுத் தாள் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி அப்பளம்போல் நொறுங்கும். நிழலும் காற்றாடியும் போதும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நாளடைவில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை நிற்கும்.

65-ஆம் பக்கத்தைத் தேட சவுராஸ்தா சந்தையின் மாடிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பாடப்புத்தகமும் ஆங்கிலமும் மலாயும்தான் அதிகம், பொறுமை வேண்டும். பெயரை மட்டும் நம்பி இன்னொரு பிரதி வாங்க வேண்டாம். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறும். 64-இன் கடைசி வரியையும் 81-இன் முதல் வரியையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் உள்ளது கிடைத்தால், அட்டை இல்லாத பிரதியாக இருந்தாலும் வாங்கலாம்.