முதல் வருஷப் பொருளாதாரம்: யாரிடம் படிப்பது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவி: தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது. மைக்ரோ (நுண்ணியல் பொருளாதாரம்) பாடத்துக்கு நல்ல பேராசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உள்ளதைச் சொன்னால், தேர்ந்தெடுக்க முடியாதம்மா. டைம் டேபிளில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான். ஆனால் சந்தேகம் கேட்க யாரிடம் போவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே துறையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "தக்காளி அமோகமாக விளைந்த வருஷத்தில் எங்க அப்பாவுக்கு ஏன் சார் நஷ்டம்?"

"வரத்து அதிகம், விலை குறையும்" என்று முடித்துவிடுபவர் பாதிதான் சொல்கிறார். நல்லாசிரியர் சாக்பீஸை எடுத்துவிடுவார். 100 கிலோ, கிலோ 20 ரூபாய் என்றால் கைக்கு 2,000. அடுத்த வருஷம் 120 கிலோ விளைந்து விலை 10 ரூபாய்க்கு இறங்கினால் 1,200தான். மலிவாகிவிட்டது என்பதற்காக யாரும் ரசத்தில் இரண்டு மடங்கு தக்காளி போடுவதில்லை. அதனால்தான் விலை அவ்வளவு சரிகிறது. விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் தேவை நெகிழ்ச்சி; தக்காளிக்கு அது குறைவு. ராயக்கோட்டை மண்டியை வைத்து இதை விளக்கத் தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள்.

காரிமங்கலம்: பி.எச்டி. முடித்தவரிடம்தான் படிக்க வேண்டுமா? எங்களுக்கு வருபவர் கௌரவ விரிவுரையாளர்.

பி.எச்டி. என்பது ஒரு சின்னத் தலைப்பை ஆழமாகத் தோண்டியதற்குக் கிடைப்பது. முதல் வருஷத்துக்கு வேண்டியது வேறு: தேவைக் கோடு (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் வரைபடக் கோடு) ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று நூறாவது தடவையும் அலுக்காமல் சொல்லும் பொறுமை. கௌரவ விரிவுரையாளர் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை ரொம்பப் பிரமாதமாக நடத்தியவர்களில் சிலர் அவர்கள்தான். சம்பளம்தான் பாவம்.

கிருஷ்ணகிரி: ஒரு சார் மார்க் அள்ளிப் போடுவார் என்கிறார்கள். அவர் வகுப்புக்கு மாறலாமா?

பெரியார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிதானே? அவர் கையில் இருப்பது உள்மதிப்பீட்டு 25 மட்டும். மீதி 75 பல்கலைக்கழகத் தேர்வு. அங்கே அவருடைய தாராளம் செல்லாது.

ஓசூர்: வேலூர் விஐடியில் சேர்ந்திருக்கிறேன். அங்கே ஆசிரியரை நாமே தேர்ந்தெடுக்கலாம். சீனியர்கள் சொல்வதை நம்பலாமா?

பாதி நம்பலாம். "நல்லவரா?" என்று கேட்காதீர்கள், அதற்கு "செம்ம சார்" என்றுதான் பதில் வரும். அவர்களுடைய நோட்டை வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் வரைபடம் இருந்தால் சரி. பத்தி பத்தியாக டிக்டேஷன் மட்டும் என்றால், காலை எட்டு மணி வகுப்பானாலும் வேறொருவரைப் பிடியுங்கள்.

எனக்கும் ஒரு டிக்டேஷன் சார் வாய்த்தார். மஞ்சளேறிய நோட்ஸ், ஒரு வரைபடம் கிடையாது. பாஸாகிவிட்டேன். ஆனால் தேவைக் கோட்டின் மேலேயே நகர்வது வேறு, கோடே இடம் மாறுவது வேறு என்பது எம்.ஏ.வில்தான் உறைத்தது. வேறு வழியே இல்லையென்றால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஓப்பன் கோர்ஸ்வேர் இணையதளத்தில் ஜொனாதன் க்ரூபரின் மைக்ரோ வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ்வழி பிளஸ் ஒன் பொருளாதாரப் பாடநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை: பிளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

சதவீதம் போடத் தெரியுமா, கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கத் தெரியுமா? முதல் வருஷத்துக்கு அநேகமாக அது போதும். கால்குலஸ் பிறகு வரும், அப்போது எழுதுங்கள்.