பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடிகிறது, கட்டணம் ஏறப்போகிறது: எப்படிப் பேசுவது?

வாசகி ஒருவரின் கேள்வி:

"அண்ணா, நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பிராட்பேண்ட், டிவி, வீட்டு போன் மூன்றும் ஒரே நிறுவனத்தில், 18 மாத ஒப்பந்தம். இதுவரை மாதம் 58 பவுண்ட். அடுத்த மாதம் 14ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது, அதன்பின் 86 பவுண்ட் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. போன் எடுத்துப் பேசினால் குறைப்பார்கள் என்கிறார்கள். எனக்கும் கணவருக்கும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. மாமிக்கு இந்த வீட்டு நம்பர்தான் எல்லாம், யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் அதற்குத்தான் எடுப்பார்கள். அது மாறக் கூடாது. என் மொபைல் ஒப்பந்தமும் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் 41 பவுண்ட் போய்க்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?"

சகோதரி, முதலில் மொபைலை முடித்துவிடுவோம். அதற்குப் பேரமே தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம்.

போனும் இணைப்பும் சேர்ந்த ஒரே ஒப்பந்தமாக வாங்கியிருந்தால், அந்த 41 பவுண்டில் பெரும்பகுதி போனின் விலை. ஒப்பந்தக் காலத்தோடு அது கட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் சொல்லாதவரை பல நிறுவனங்கள் பழைய தொகையையே எடுத்துக்கொண்டிருக்கும். ஐந்து மாதமாக உங்களுக்கு நடப்பது அதுதான். இனி உங்களுக்கு வேண்டியது சிம் மட்டும். பத்துப் பவுண்டைச் சுற்றியே தாராளமான டேட்டாவோடு மாத ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. சிறிய பெயர் என்று தயங்க வேண்டாம். கிஃப்காஃப் ஓடுவது ஓ2 நெட்வொர்க்கில், ஸ்மார்ட்டி த்ரீயில், நம்மவர் பலருக்கும் பழக்கமான லெபாரா வோடஃபோனில். கோபுரம் அதேதான், பில்தான் வேறு.

நம்பரை எடுத்துச் செல்ல யாரோடும் பேச வேண்டியதில்லை. பி, ஏ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்புங்கள். சற்று நேரத்தில் ஒரு கோட் வரும். ஒப்பந்தத்தில் பாக்கி ஏதும் இருந்தால் அதே பதிலில் அந்தத் தொகையும் இருக்கும். கோட் 30 நாள் செல்லும். புதிய நிறுவனத்திடம் அதைக் கொடுத்தால் ஒரு வேலை நாளில் நம்பர் மாறும், பழைய கணக்கு தானாக மூடப்படும். நீங்களாகப் பழையதை முன்கூட்டியே ரத்து செய்துவிடாதீர்கள், நம்பர் போய்விடும்.

சரி, இனி அந்த 86 பவுண்ட்.

நான் பல ஆண்டுகள் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில், "விலகப்போகிறேன்" என்று அழைப்பவர்களோடு பேசும் பிரிவில் இருந்தவன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். குரலை உயர்த்தியவருக்கு அதிகம் குறைந்ததில்லை, கெஞ்சியவருக்கும் குறைந்ததில்லை. கையில் ஒரு தேதியும் இன்னொரு நிறுவனத்தின் விலையும் வைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசியவருக்குத்தான் குறைந்தது. என் திரையில் சில ஆஃபர்கள் வரிசையாக இருக்கும். நானாக ஒரு விலையை உருவாக்க முடியாது, இருப்பவற்றில் எதைத் திறப்பது என்பதே என் கையில். எதிர்முனையில் இருப்பவர் உண்மையிலேயே போகக்கூடியவர் என்று தெரிந்தால்தான் அடுத்த ஆஃபரைத் திறப்போம். அதனால் பேச்சுத் திறமை இல்லையே என்ற கவலையை விடுங்கள். வேலையில் முக்கால்வாசி, போன் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலை மறுபடி திறந்து கடைசி வரை படியுங்கள். அது சும்மா வந்த விளம்பரமில்லை. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிப்படி, 2020 பிப்ரவரியிலிருந்து, ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாளுக்குள் ஒவ்வொரு நிறுவனமும் அனுப்பியே ஆக வேண்டிய அறிவிப்பு. ஒப்பந்தம் முடியும் தேதி, இப்போதைய கட்டணம், இனி வரப்போகும் கட்டணம், உங்களுக்கு அவர்கள் தரக்கூடிய சிறந்த டீல்கள், புதிதாகச் சேர்பவர்களுக்கு என்ன விலை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பலர் முதல் பத்தியைப் பார்த்துக் கோபப்பட்டு மூடிவிடுகிறார்கள். புதியவருக்கான அந்த விலையைத்தான் ஒரு தாளில் முதல் வரியாக எழுத வேண்டும்.

அடுத்து, உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு இரண்டு விலை ஒப்பீட்டுத் தளங்களில் பாருங்கள். பிடி, ஸ்கை, டாக்டாக், பிளஸ்நெட் போன்றவை பெரும்பாலும் ஓப்பன்ரீச் என்ற ஒரே வலையமைப்பில் ஓடுபவை. வர்ஜின் மீடியாவுக்குச் சொந்தக் கேபிள். இவை போக, லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர், ஹைப்பர்ஆப்டிக் போன்ற சிறிய ஃபைபர் நிறுவனங்கள் சில தெருக்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கிவிடும். வேகத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் நான்கைந்து பேர் வீடியோ பார்ப்பதற்கும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் வினாடிக்கு 100 முதல் 150 மெகாபிட் வேகம் வசதியாகப் போதும். ஒரு கிகாபிட், அதாவது ஆயிரம் மெகாபிட், என்று சொல்லி விலையைக் கூட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

விலைகளை ஒப்பிடும்போது மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில், பணவீக்கத்தைக் காட்டிக் கட்டணத்தை ஏற்ற முடியாது. எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்பதைப் பவுண்ட், பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் ஏற்றமே கூடாது என்று விதி இல்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அக்டோபரில் தொடங்கும் 24 மாத ஒப்பந்தம், மாதம் 30 பவுண்ட், ஒவ்வொரு ஏப்ரலிலும் 4 பவுண்ட் ஏறும் என்று வையுங்கள். முதல் ஆறு மாதம் 180, அடுத்த பன்னிரண்டு மாதம் 34 வீதம் 408, கடைசி ஆறு மாதம் 38 வீதம் 228. மொத்தம் 816. ஏற்றமே இல்லாமல் 33 பவுண்டுக்கு இன்னொருவர் தந்தால் 792தான். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. இணைப்புக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்து, மொத்தத் தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிவியைப் பற்றி ஒரு கேள்வி, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: அந்தப் பெட்டியில் உண்மையில் எதைப் பார்க்கிறோம்? தமிழ் நிகழ்ச்சிகளை ஆப்பில் பார்த்துக்கொண்டு, பெட்டிக்கு மாதாமாதம் காசு கட்டும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் மாதச் சந்தா இல்லாத ஃப்ரீவியூ சேவையிலேயே வரும், டிவி லைசென்ஸ் இருந்தால் போதும். கிரிக்கெட்டுக்காக ஸ்போர்ட்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால், வேண்டிய மாதங்களுக்கு மட்டும் நவ் போன்ற சேவையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். டிவியைக் கைவிட மனமிருப்பதே ஒரு பலம். பேச்சில் முதலில் அதைத்தான் மேசையில் வைக்கப்போகிறீர்கள்.

இப்போது அழைப்பு. தேதிக்கு மூன்று வாரம் முன்பு எடுங்கள். நிறுவனம் மாறுவதாக முடிந்தால் புது ஃபைபர் போட ஆள் வர நாள் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பக்கத்தில் இருக்கட்டும், அவர் ஒரு வார்த்தை அனுமதி சொன்னபின் நீங்கள் பேசலாம். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசத் தயக்கம் இருந்தால் சாட் வசதியில் எழுதிப் பேசுங்கள். யோசித்துப் பதில் போடலாம், சொன்னது எழுத்திலும் இருக்கும். போனில் எண்களை அழுத்தச் சொல்லும்போது "விலக நினைக்கிறேன்" என்ற தேர்வையே அழுத்துங்கள். சாதாரண விற்பனைப் பிரிவுக்குப் போனால் அங்கே இருப்பவரிடம் அந்த ஆஃபர்கள் பெரும்பாலும் இருக்காது.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகட்டும். "எங்கள் ஒப்பந்தம் 14ஆம் தேதி முடிகிறது. 86 பவுண்ட் எங்களால் கட்ட முடியாது. உங்கள் சேவை நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கவே விருப்பம். ஆனால் வேறு நிறுவனம் இதே வேகத்தை இந்த விலைக்குத் தருகிறது. நீங்கள் என்ன தர முடியும்?" கோபம் வேண்டாம், எதிரில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பிள்ளை. அவர் ஒரு விலை சொல்வார். உடனே சரி என்று சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாதீர்கள். அந்த அமைதியைத் தாங்குவதுதான் கஷ்டம். நம் ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் "பரவாயில்லை, போடுங்கள்" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள். பிறகு, "நான் எதிர்பார்த்ததைவிட இது அதிகம், டிவியை எடுத்துவிட்டால் எவ்வளவு?" என்று கேளுங்கள். அப்புறம், "புதிதாகச் சேர்பவருக்கு நீங்கள் தரும் விலையே இதைவிடக் குறைவாக இருக்கிறதே" என்று அந்தத் தாளின் முதல் வரியைப் படியுங்கள்.

விலை இறங்காவிட்டால் வேறு ஏதாவது கேட்கலாம்: ஏப்ரல் ஏற்றம் இல்லாத ஒப்பந்தம், இணைப்புக் கட்டணத் தள்ளுபடி, மாடியறைக்கு வைஃபை பூஸ்டர். உங்கள் எல்லைக்கு வரவில்லை என்றால், "நன்றி, வீட்டில் பேசிவிட்டு அழைக்கிறேன்" என்று வையுங்கள். மறுநாள் வேறொருவர் எடுப்பார், வேறு ஆஃபர் திறக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. போகும் எண்ணமே இல்லாமல் "ரத்து செய்யுங்கள்" என்று சும்மா சொல்லாதீர்கள். அவர்கள் உண்மையிலேயே ரத்து நோட்டீஸைப் பதிந்துவிடலாம்.

இப்போது மாமியின் நம்பர். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் வயதானவர்கள் டைரியில் எழுதி வைத்திருக்கும் நம்பர் அது. தொலைந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. இதே நிறுவனத்தில் தொடர்ந்தால் கவலையில்லை, ஆனால் "வீட்டு போனும் இதே நம்பரும் இந்த ஆஃபரில் இருக்கிறதுதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இணைய வேகத்தை மாற்றும்போது போன் இணைப்பு கழன்றுபோன கதைகள் உண்டு. வேறு நிறுவனத்துக்குப் போவதானால், அவர்கள் வீட்டு போன் தருகிறார்களா, நம்பரை எடுத்துக்கொள்வார்களா என்பதே முதல் கேள்வி. சிறிய ஃபைபர் நிறுவனங்கள் எல்லாம் இந்தச் சேவையைத் தருவதில்லை. இலங்கைக்கு அழைக்க நிமிடத்துக்கு எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரியோடு மூடப்படுகிறது, வீட்டு போன்கள் எல்லாம் ரூட்டர் வழியாகவே வேலை செய்யும். அப்படி மாறியபின் மின்சாரம் போனால் போனும் போகும். அவசரத்துக்கு அந்த போனையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையிலும் குறைந்தது ஒரு மணி நேரம் 999 என்ற அவசர எண்ணை அழைக்க வழி செய்து தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. மாமி கழுத்தில் அவசர அழைப்புப் பட்டன் அணிந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

மாறுவது என்றே முடிவானால் அது முன்பு போலக் கஷ்டமில்லை. 2024 செப்டம்பர் 12 முதல் ஒன் டச் ஸ்விட்ச் என்ற முறை இருக்கிறது. புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும், பழைய பிராட்பேண்டையும் வீட்டு போனையும் அவர்களே முடித்துவைப்பார்கள். மாறும் நாளுக்குப் பிந்திய நோட்டீஸ் காலத்துக்கு என்று பழைய நிறுவனம் பணம் கேட்க முடியாது. ஆனால் டிவி இதில் சேராது. அதை நீங்கள்தான் தனியாக ரத்து செய்ய வேண்டும், மறந்தால் டிவிக்கு மட்டும் பில் வந்துகொண்டே இருக்கும். புதிய இணைப்பு 14ஆம் தேதிக்குப் பிறகே தொடங்கட்டும். ஒரு நாள் முந்தினாலும் முன்விலகல் கட்டணம் வரலாம்.

பேசி முடித்ததும், சம்மதம் சொல்லும் முன், ஒப்பந்தச் சுருக்கத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். அதைத் தருவது விதி. வாயால் சொன்ன விலையும் எழுத்தில் வந்த விலையும் ஒன்றுதானா என்று பாருங்கள். போனிலோ இணையத்திலோ போட்ட ஒப்பந்தத்துக்கு 14 நாள் மனம் மாற உரிமை உண்டு. இதற்கிடையில் சேவை தொடங்கியிருந்தால் பயன்படுத்திய நாட்களுக்கு மட்டும் காசு கேட்கலாம்.

உங்கள் தெருவில், கோயிலில் தெரிந்தவர்களில் யுனிவர்சல் கிரெடிட் அல்லது பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இருந்தால் இதையும் சொல்லுங்கள். அவர்களுக்குப் பேரமே வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பலவற்றிலும் சமூகக் கட்டணம் என்று குறைந்த விலைத் திட்டம் இருக்கிறது, பல திட்டங்கள் மாதம் 20 பவுண்ட் அல்லது அதற்கும் கீழே. தகுதி இருந்தும் கேட்காமலே முழுக் காசு கட்டும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை. "சோஷியல் டாரிஃப்" என்ற இரண்டு சொல்லைச் சொல்லிக் கேட்டாலே போதும். ஒப்பந்தம் நடுவில் இருந்தாலும், அதே நிறுவனத்துக்குள் இந்தத் திட்டத்துக்கு மாற பெரும்பாலும் அபராதம் கேட்பதில்லை.

உங்கள் விஷயத்தில், இன்று மொபைல் மெசேஜ். இந்த வார இறுதியில் தாளும் கணக்கும். திங்கட்கிழமை அழைப்பு. என்ன விலை சொன்னார்கள் என்று எழுதுங்கள், இரண்டாவது முறை அழைக்கும் முன் சேர்ந்து பார்ப்போம்.